அயல்நாட்டார் எழுத்தும் புளியந்தோப்பு ரசிகர்களும்

ரஜினிகாந்த் நடித்த பெரிய கற்பனைப் படம் ஒன்று வெளிவரப் போகிறது என்றால், அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே, புளியந்தோப்பு நெடுஞ்சாலையிலும், அதிலிருந்து பிரிந்து ஆட்டுத்தொட்டிப் பக்கமாகவும் டிமெல்லோஸ் சாலைப் பக்கமாகவும் செல்கின்ற தெருக்களிலும், டீக்கடை வாசல்களிலும், கேரம் பலகைகளைச் சுற்றியும் நடைபெறுகிற சம்பாஷணைகளில், கதை என்ன, பாட்டு எப்படி, வில்லன் யார் என்ற வழக்கமான விசாரணைகளுக்கு நடுவே, அயல்நாட்டுப் பத்திரிகைகள் அப்படத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கின்றன என்ற கேள்வியும் தவறாமல் எழுவதுண்டு. லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சாகிற ஓர் எழுத்துக்கும், பேசின் பாலத்துக்கு மேற்கே வாழ்கிற ஒரு வெல்டருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வியக்கக்கூடும். சம்பந்தம் உண்டு, அதுவும் ஆழமான சம்பந்தம். அதை விளங்கிக்கொள்வதற்கு, அந்த எழுத்து எவ்விதம் பிறக்கிறது, எவ்விதம் பிரயாணம் செய்கிறது, எவ்விதம் நம்மிடமே திரும்பி வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ வெளிவருவதற்குச் சில தினங்களே எஞ்சியிருந்தபோது, அமெரிக்காவின் ‘ஸ்லேட்’ இதழில் கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் என்பவர், அமெரிக்க வாசகர்கள் அநேகமாகப் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு மாபெரும் நட்சத்திரம் என்று ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அக்கட்டுரையின் சாரம் விரைவிலேயே தமிழ்நாடெங்கும் பரவிற்று. வடசென்னையின் ரசிகர் மன்றங்களில் அதைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் மூலத்தைப் படித்தவர்கள் அல்லர். படித்த ஒருவர் சொல்ல, கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல, அது தெருவின் பொதுச்சொத்தாயிற்று. அத்தகைய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“தலைவரப் பத்தி அமெரிக்காக்காரன் எழுதிக்கிறான், பாத்தியாண்ணே?”

“எழுதிக்கிறான், சரி நைனா. படத்தப் பாத்துட்டா எழுதினான்?”

மூத்தவர் எழுப்புகிற இந்த இரண்டாவது கேள்வி, சினிமாப் பத்திரிகைத் தொழிலின் மர்மத்தையே தொட்டுவிடுகிற கேள்வி என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஹாலிவுட் படம் ஒன்று வெளிவருமுன் அதைப் பத்திரிகையாளர்களுக்குத் தனியே திரையிட்டுக் காட்டுவதும், இன்ன தேதி இன்ன மணி வரையில் விமர்சனத்தை வெளியிடலாகாது என்று நிபந்தனை விதிப்பதும், அந்தத் தேதி கடந்தவுடன் உலகெங்கும் விமர்சனங்கள் ஒரே வேளையில் வெளியாவதும் அங்கே நெடுங்கால வழக்கம். ஆகையால் அங்கே வெளியீட்டுக்கு முன் எழுதப்படுவனவற்றில் ஒரு பகுதியாவது படத்தைக் கண்ணால் கண்டவர் எழுதியது. நம் பெரிய படங்களுக்கோ, கடைசி நிமிஷம் வரையில் கிராபிக்ஸ் வேலை நடந்துகொண்டிருப்பதாலும், கதை முன்கூட்டி வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தாலும், அத்தகைய திரையிடல் அபூர்வம். எனவே, நம் படத்தைப் பற்றி முன்னதாக எழுதப்புகும் அயல்நாட்டு நிருபர், மும்பையிலோ டில்லியிலோ அமர்ந்திருப்பவர், தம் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் எழுதியாக வேண்டும். அவர் கையில் இருப்பவை மூன்று நான்கு சரக்குகளே: தயாரிப்பாளர் தரப்பு அனுப்பிய செய்திக்குறிப்பு, படத்துக்கு ஆன செலவு, நட்சத்திரத்தின் சம்பளம், கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் ரசிகர்களின் புகைப்படம். படத்தின் கலையைப் பற்றி அவர் எழுதாததற்குக் காரணம் அவர் அலட்சியமானவர் என்பதன்று; எழுத அவரிடம் ஒன்றுமில்லை என்பதே.

இந்த எழுத்துக்குள்ளும் ஜாதிகள் உண்டு. 1905-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘வெரைட்டி’, 1930-இல் தொடங்கிய ‘தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ முதலியவை தொழில்முறைப் பத்திரிகைகள். சினிமாவைப் பொறுத்தவரையில் அவற்றின் முதன்மை வாசகர்கள் படம் வாங்குவோரும் விற்போரும் கொட்டகை நடத்துவோரும் ஆவர். ஒரு படம் எந்த நாட்டில் எத்தனை திரைகளில் வருகிறது, யார் உரிமை வாங்கினார் என்பதே அவற்றுக்கு முக்கியம். அவற்றில் நம் படத்தைப் பற்றி ஒரு பத்தி வருவது பாராட்டு அன்று, சந்தைச் செய்தி. தினசரிகளில் வருவது வேறு இனம். அது தன் நாட்டு வாசகருக்குத் தூரதேசத்து வினோதம் ஒன்றைக் காட்டும் எழுத்து. மூன்றாவதாக ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. போன்ற செய்தி நிறுவனங்கள். அவற்றின் நிருபர் ஒருவர் எழுதும் ஒரே செய்தி, நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் அப்படியே வெளியாகும். ‘உலகெங்கும் நூறு பத்திரிகைகள் எழுதின’ என்று நாம் பூரிக்கும்போது, அந்த நூறும் பல சமயங்களில் ஒரே மனிதர் ஒரே மாலையில் எழுதிய ஒரே செய்தியாக இருப்பதுண்டு என்பதை மறக்கலாகாது.

இவற்றைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது அந்தச் செய்தியின் வட்டப் பிரயாணம். சென்னையிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு புறப்படுகிறது. மும்பையில் ஒரு நிருபர் அதைச் செய்தியாக்குகிறார். லண்டன் பத்திரிகை அதை வெளியிடுகிறது. அடுத்த நாள் சென்னைப் பத்திரிகை, ‘லண்டன் பத்திரிகை புகழ்கிறது’ என்று அதையே மீண்டும் அச்சிடுகிறது. ஆசியாவிலேயே ஜாக்கி சானுக்கு அடுத்தபடியாக அதிகச் சம்பளம் பெறுபவர் ரஜினிகாந்த் என்ற வாக்கியம் அப்படிச் சுற்றியவற்றுள் ஒன்று. ‘சிவாஜி’ வெளிவந்த 2007-ஆம் ஆண்டுக் காலத்திலேயே அது இந்தியப் பத்திரிகைகளில் உலவிற்று. பிறகு கடல் கடந்து சென்று, அந்நிய முத்திரையோடு திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அதன் கௌரவம் பன்மடங்காகிவிட்டது. நம் வீட்டிலிருந்து போன கடிதம் நம் வீட்டுக்கே திரும்பி வருவதைப் புதிய கடிதம் என்று பிரித்துப் படிப்பதற்கு ஒப்பான இந்த நிலையை, புளியந்தோப்பின் பழைய ரசிகர்கள் பிறர் சொல்லித்தர வேண்டாமலே உணர்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த மூத்தவரின் கேள்வி காட்டுகிறது.

பணத்தைப் பற்றியும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ரசிகர்களின் வாதங்களில் பாதி அதைச் சுற்றியே நிகழ்கிறது. ‘எந்திரன்’ படத்துக்கு ஆன செலவு சுமார் 132 கோடி ரூபாய் என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது. அயல்நாட்டுப் பத்திரிகை இதை டாலராக மாற்றியே எழுதும். ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். 2010-இல் டாலருக்குச் சுமார் 45 ரூபாய். எனவே 132 கோடி ரூபாய் ஏறத்தாழ 29 மில்லியன் டாலர் ஆகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘அவதார்’ படத்துக்கு ஆன செலவு 237 மில்லியன் டாலர் என்பர். ஆக, நாம் இந்தியாவின் மிகப் பெரிய செலவு என்று வியந்த படம், அதில் எட்டில் ஒரு பங்குக்கே எடுக்கப்பட்டது. இதைக் கேட்டு வருந்துகிற இளைஞனும் உண்டு. ‘எட்டுல ஒரு பங்குல இவ்ளோ காட்டிட்டாங்களே’ என்று நெஞ்சு நிமிர்த்துகிற இளைஞனும் உண்டு. இரண்டாமவன் பக்கமே நியாயம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியாக 2018 நவம்பர் 29-ஆம் தேதி வெளிவந்த ‘2.0’ படத்துக்கு 543 கோடி ரூபாய் செலவு என்று பிரஸ்தாபமாயிற்று. டாலர் அப்போது 71 ரூபாய் அளவில் இருந்ததால், அயல்நாட்டுச் செய்திகளில் அது 75 மில்லியன் டாலர் என்று இடம் பெற்றது. ரூபாயில் நாலு மடங்குக்கு மேல் பெருகிய செலவு, டாலரில் இரண்டரை மடங்கே பெருகியிருக்கிறது. ‘எந்திரன்’ படத்தின் அதே 132 கோடியை 2018-ஆம் ஆண்டு நாணய மாற்றில் கணக்கிட்டால் பத்தொன்பது மில்லியனுக்கும் குறைவு. ஆகவே, தலைப்பில் டாலர்த் தொகையைப் போட்டு ஒரு படத்தின் பெருமையை அளப்பதில், படத்தின் உழைப்போடு நாணயச் சந்தையின் ஏற்றத்தாழ்வும் கலந்துவிடுகிறது. ஹாலிவுட்டில் ஒரு தச்சருக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் கூலிக்கு இங்கே எத்தனை தச்சர்கள் வேலை செய்வார்கள் என்ற கணக்கையும் அந்தத் தலைப்பு சொல்வதில்லை. துறைமுகத்திலும் பட்டறையிலும் கூலியின் அருமை அறிந்து வாழ்கிற வடசென்னை மக்களுக்கு இது சட்டென்று விளங்குகிறது.

அயல்நாட்டுக் கவனத்தை நாடும் ஆசை நம் சினிமாவுக்கு நேற்று முளைத்ததன்று. 1948-இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் முப்பது லட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்ட செலவில் ‘சந்திரலேகா’வை எடுத்து, ஹிந்தியிலும் ஆக்கி, அறுநூறுக்கு மேற்பட்ட பிரதிகளோடு இந்தியா முழுவதும் வெளியிட்டதோடு நில்லாமல், அதைச் சுருக்கி ‘சந்திரா’ என்ற பெயரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பினார். சென்னையில் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த ‘பாதாள பைரவி’ என்னும் மாயாஜாலப் படம், 1952-இல் நடந்த முதலாவது இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் இடம் பெற்ற ஒரே தென்னிந்தியப் படம் என்ற பெருமையை அடைந்தது. அதே 1952-இல் வேறொரு விசித்திரமும் நிகழ்ந்தது: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தார். அழிந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடு திரிவதாகக் கற்பனை செய்த கதை அது. தமிழில் ‘காடு’ என்று வந்தது. அந்நியர் நம் படத்தைப் பற்றி எழுதுவதற்குக் காத்திராமல், அந்நியரை நம் ஸ்டூடியோவுக்கே வரவழைத்துவிட்ட அந்தத் துணிச்சலை எண்ணும்போது, இன்று ஒரு பத்திரிகைத் துணுக்குக்காக நாம் ஏங்குவது சிறிது வேதனையைத் தருகிறது.

புளியந்தோப்பின் பேச்சுக்கு ஒரு பூர்விகம் உண்டு. பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் ஆயிரக்கணக்கான தொழிலாளரை ஈர்த்து வைத்திருந்த பெரம்பூர்–புளியந்தோப்பு வட்டாரத்தில்தான், 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; தொழிலாளர் தலைவர்களான பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அத்தொழிலாளரிடையே பேசினார்கள். எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பதும், சுற்றியிருப்போர் கேட்டு வாதிப்பதும் இத்தகைய தொழிலாளர் வட்டாரங்களில் வேரூன்றிய வழக்கம். 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் ஏற்பட்ட கலவரங்களும் இந்த ஊரின் பெயரைத் தூரதேசங்கள் வரையில் கொண்டு சென்றன. ஆனால் துயரச் செய்தியாகவே கொண்டு சென்றன. அதன் பிறகும் நெடுங்காலமாகப் புளியந்தோப்பு, வியாசர்பாடி என்ற பெயர்கள் தினசரிகளில் தோன்றினால், போலீஸ் செய்திப் பகுதியில்தான் தோன்றும் என்ற நிலை இருந்துவருகிறது. தம் தெருவைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று அச்சில் காண்பது அரிதாகிப்போன மக்கள், தம் அபிமான நடிகரைப் பற்றி உலகம் நல்ல வார்த்தை சொல்கிறதா என்று ஆவலோடு தேடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவருக்குக் கிடைக்கும் புகழில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த அயல்நாட்டுச் செய்தியில் ரசிகனுக்குக் கிடைக்கும் பங்கு என்ன? பால்குடத்தோடு கட்-அவுட்டின்மேல் ஏறி நிற்கிற ஓர் உருவம், பட்டாசுப் புகை, ஆட்டம். 2016 ஜூலை 22-இல் ‘கபாலி’ வெளிவந்தபோது, சில அலுவலகங்கள் விடுமுறை விட்டதும், ஒரு விமானத்தின்மேல் கபாலியின் உருவம் தீட்டப்பட்டதும் உலகச் செய்தியாயின. அந்த ரசிகர்கள் படத்தைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பது செய்தியாகவில்லை. இதுதான் எனக்கு ஆறாத குறை. முதல் நாள் காட்சிக்கு வரிசையில் நிற்பவனுக்கு வாய் இருக்கிறது. அந்த வாயில் விமர்சனம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஒருவரும் வருவதில்லை. அவன் ஆரவாரம் மட்டுமே புகைப்படத்தில் விழுகிறது.

அந்த விமர்சனம் எத்தகையது என்று கேட்டால், சினிமாத் தொழிலை மிக அருகிலிருந்து பார்த்தவர்களின் விமர்சனம் என்பேன். 1996-இல், முன்பு சொன்ன அவ்விரு ஆலைகளும் சேர்ந்த பின்னி ஆலை மூடப்பட்டபின், அதன் பிரம்மாண்டமான கொட்டகைகளும் சிதைந்த சுவர்களும் நெடுங்காலம் படப்பிடிப்புக்குப் பயன்பட்டன; சண்டைக் காட்சிகளும் பாட்டுக் காட்சிகளும் அங்கே எடுக்கப்பட்டன. தம் தகப்பனார் நூல் நூற்ற கூடத்தில் கிரேன் வைத்து விளக்கு ஏற்றுவதை மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்து வளர்ந்த தலைமுறை அது. செட் எது, நிஜக் கட்டடம் எது, கயிறு கட்டித் தூக்கியது எது, கம்ப்யூட்டரில் வரைந்தது எது என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். இரும்போடு பழகியவர்கள் ‘எந்திரன்’ படத்தின் சிட்டி என்ற ரோபோவைப் பார்த்து, அதன் கழுத்து மூட்டும் விரல் மூட்டும் இயங்குகிற விதம் இயல்பாயிருக்கிறதா என்று ஆராய்வது, பத்திரிகையில் வருகிற பல வாக்கியங்களைவிடக் கனமானது.

சிட்டியைப் பற்றி முன்னோட்டமாக எழுதிய அயல்நாட்டார் பலரின் கண்ணில் முதலில் பட்டவை, அவர்களுக்குப் பரிச்சயமான பெயர்களே: இயந்திர உருவங்களைச் செய்த லெகசி எஃபெக்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், சண்டைக் காட்சிகளை அமைத்த, ‘மேட்ரிக்ஸ்’ புகழ் யுவான் வூ-பிங், ஆடை வடிவமைத்த மேரி வோக்ட். இது மனித சுபாவம். தம் ஊர்க்காரர் பெயரைத்தான் எவரும் முதலில் தேடுவர். ஆனால் படத்தின் விசித்திரக் காட்சிகளையெல்லாம் மேற்பார்வை செய்தவர் வி. ஸ்ரீநிவாஸ் மோகன், அரங்குகளை நிர்மாணித்தவர் சாபு சிரில், இருவரும் அதற்காகத் தேசிய விருது பெற்றார்கள். படம் வெளிவருமுன்பே, 2008-இல் மறைந்துவிட்ட எழுத்தாளர் சுஜாதாவின் கை அதன் வசனத்தில் இருந்தது. அயல்நாட்டுக் குறிப்பை மாத்திரம் படித்தவர் இப்பெயர்களை அறிந்திருக்க மாட்டார். ரசிகர் மன்றத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தவர் அறிந்திருப்பார்.

இதற்கெல்லாம் மாறாக, அயல்நாட்டுப் புகழ் உண்மையாகவே பிறந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதை நினைத்தால் மனம் நிறைகிறது. 1996-இல் எடோகி ஜுன் என்ற ஜப்பானியத் திரை விமர்சகர் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, லிட்டில் இந்தியாவில் ‘முத்து’ படத்தின் வீடியோவைக் கண்டார். மொழி தெரியாது, செய்திக்குறிப்பு ஏதும் கையில் இல்லை, எவரும் அவரை அழைக்கவில்லை. படம் பிடித்திருந்தது, அவ்வளவே. அவர் ஊக்கத்தால் 1998 ஜூன் மாதம் டோக்கியோவின் ஷிபுயா பகுதியிலுள்ள சினிமா ரைஸ் கொட்டகையில் ‘முத்து’ வெளியாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் ஓடிற்று. அடுத்த ஆண்டில் ‘நியூஸ்வீக்’ போன்ற பத்திரிகைகள் ஜப்பானில் ரஜினிகாந்துக்கு ஏற்பட்ட செல்வாக்கைப் பற்றி எழுதின. இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் ஒருவர் பார்த்தார், பிறகு ஜனங்கள் பார்த்தார்கள், அதன் பிறகே பத்திரிகை எழுதிற்று. 1995-இல் தமிழ்நாட்டில் வெளியாகி ஓடி முடிந்த படமாகையால், அதைப் பெரிதாக்கிக் காட்டும் அவசியம் அப்போது எவருக்கும் இருக்கவில்லை. பின்னாளில் ரஜினி படங்களின் முதல் நாள் காட்சியைத் தமிழ் ரசிகர்களோடு அமர்ந்து பார்ப்பதற்கென்றே ஜப்பானிலிருந்து சென்னைக்கு வரத் தொடங்கியவர்கள் அந்த ஒரு வீடியோவின் சந்ததி. அவர்களோடு சைகையால் பேசிக் கைகுலுக்குகிற வடசென்னை ரசிகன், ‘ஸ்லேட்’ கட்டுரையைக் காட்டிலும் அந்தக் கைகுலுக்கலையே பெரிதாக மதிக்கிறான், சரியாகவே மதிக்கிறான்.

வெளியீட்டுக்கு முன்பே உலகத் தரத்தை உவமை காட்டுவதால் நேரும் தீங்கை 2014-இல் ‘கோச்சடையான்’ வெளிவந்தபோது கண்டோம். நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிந்து உருவம் அமைக்கும் முறையில் இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் பெரிய முயற்சி அது. ஆனால் ‘அவதார்’, ‘டின்டின்’ என்ற பெயர்கள் முன்கூட்டியே அதனோடு பிணைக்கப்பட்டுவிட்டன. தேதி பலமுறை தள்ளிப் போய், மே 23-ஆம் தேதி கொட்டகைக்கு வந்தபோது, ரசிகர்கள் அதை அதன் சொந்த அளவுகோலில் பார்க்க இயலாதவர்களாயினர். ஏமாற்றம் உரக்கவே பேசப்பட்டது. புதிய துறையில் முதலடி வைத்த முயற்சிக்குரிய மரியாதையை அந்த ஒப்பீடே பறித்துக்கொண்டது.

‘2.0’ படத்தின் விளம்பரமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2017 ஜூன் மாதத்தில், ரஜினிகாந்தின் உருவமும் அக்ஷய் குமாரின் உருவமும் தீட்டிய நூறடி உயர வெப்பக்காற்று பலூன் ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பறக்கவிடப்பட்டது. அக்டோபரில் பாடல் வெளியீட்டு விழா துபாயில் நடந்தது. அந்த பலூன் படம் வடசென்னையின் ஒவ்வொரு கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. படமோ தீபாவளிக்கு வருவதாக இருந்து, ஜனவரிக்குத் தள்ளிப்போய், முடிவில் அடுத்த ஆண்டு நவம்பரில்தான் வந்தது. காத்திருந்த அந்த ஓராண்டும் அயல்நாட்டுச் செய்திகளே உணவாயின. 1985-இல் ரஜினிகாந்த் கையாலேயே திறந்துவைக்கப்பட்ட பெரம்பூர் பிருந்தா தியேட்டரைச் சூழ்ந்த தெருக்களில், இன்ன பத்திரிகை எழுதிற்று, இன்ன நாட்டில் இத்தனை திரை என்ற பேச்சு ஓய்ந்ததே இல்லை.

படம் வெளியான சில தினங்களுக்குள், சீனாவில் 10,000 கொட்டகைகளில் 56,000 திரைகளில் அது வெளியாகும் என்ற அறிவிப்பு வந்தது; அது உலகச் செய்தியாயிற்று. ஜூலையில் வருவதாயிருந்து தேதி மாறி, 2019 செப்டம்பர் 6-ஆம் தேதி சீனத் திரையைத் தொட்டது. அறிவிப்புக்கு ஏற்ற வரவேற்பு அங்கே கிட்டவில்லை. தொடக்க நாட்களிலேயே வசூல் குன்றிவிட்டது. அறிவிப்பை முதற்பக்கத்தில் போட்டவர்கள் முடிவைச் சிறு எழுத்தில் போட்டார்கள். சிலர் போடவே இல்லை. ‘ஐம்பத்தாறாயிரம் திரை’ என்று கேட்டபோது கேரம் பலகையிலிருந்து நிமிர்ந்த இளைஞர்களிடம், “திரைய எண்ணாதே நைனா, சீட்ட எண்ணு” என்று சொல்கிற மூத்தவர்கள் அந்தத் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த பெரிய படத்தைப் பற்றி அயல்நாட்டிலிருந்து வருகிற முதல் செய்தியையும், இளையவர்கள் அவர்களிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.